கரடி ஆடிய குழிப்பந்து

மொத்தையன் என்ற கரடிக்கும் செதிலி என்ற எறும்புத்தின்னிக்கும் ஒரு புற்று மேட்டின்மேல் தகராறு. குளத்துக்கு மேலே மலைச்சரிவில் இருந்தது அந்த மேடு. அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கறையான் புற்று.

கரடிக்கும் கறையான் பிடிக்கும். ஆனால் கரடிக்குத் தேன் இருக்கிறது, நாவல்பழம் இருக்கிறது, பலாப்பழம் இருக்கிறது. செதிலிக்கோ வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. எறும்பையும் கறையானையும் விட்டால் அதற்கு வேறு சோறு இல்லை. போதாததற்கு வாலைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி வேறு.

இதையெல்லாம் யோசிக்கிற வழக்கம் மொத்தையனுக்கு இல்லை. இவ்வளவு பெரிய உடம்பு இருக்கும்போது யோசனை எதற்கு?

"இனிமே இந்த மேடு எனக்கு! நீ வேற இடம் பாத்துக்க!" என்றது கரடி.

"வேற எங்கேயும் புற்று இல்லையே! என் குட்டி என்ன செய்யும்?" என்றது செதிலி.

"அது உன் பாடு!"

பஞ்சாயத்துக்குக் கடமான் வந்தது. அது இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "அடிதடி வேண்டாம். குழிப்பந்து ஆடித் தீர்த்துக்குங்க" என்று சொன்னது.

குழிப்பந்து என்பது அந்தக் காட்டின் விளையாட்டு. காட்டோரத்தில் ஒரு கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் கோல்ஃப் ஆடும் மைதானம். அவர்கள் தப்பாக அடித்து வேலி தாண்டி விழும் வெள்ளைப் பந்துகளை இவர்கள் பொறுக்கி வருவார்கள். வளைந்த மூங்கில் வேரால் அடித்து, தரையில் தோண்டிய குழிக்குள் பந்தைப் போட வேண்டும். யார் குறைந்த அடியில் போடுகிறாரோ, அந்தக் குழி அவருக்கு. மூன்று குழியில் இரண்டை எடுத்தவர் ஜெயித்தவர்.

இதைக் கேட்டதும் கரடி விழுந்து விழுந்து சிரித்தது. காட்டிலேயே பந்தைத் தூரமாக அடிப்பது அதுதான். தினமும் வேலியோரப் புதரில் உட்கார்ந்து மனிதர்கள் ஆடுவதைப் பார்த்துப் பாடம் படித்த ஆள் அல்லவா! தடியை எப்படிப் பிடிப்பது, இடுப்பை எப்படித் திருப்புவது என்று எல்லாம் கற்றுக்கொண்டது. கூடவே, அடி தவறினால் தடியைத் தரையில் அறைவதையும், வானத்தைப் பார்த்துக் கத்துவதையும், பக்கத்தில் நிற்பவரை முறைப்பதையும் ஒன்று விடாமல் கற்றுக்கொண்டது. நல்லதை மட்டும் எடுத்துக்கொள்ள அதற்கு யார் சொல்லிக் கொடுப்பது?

"சரி! ஆனா ஒண்ணு, தோத்தவங்க அப்புறம் அந்த மேட்டுப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது! ஒரு புற்றுகூடக் கிடையாது!" என்றது கரடி.

செதிலி குட்டியைத் திரும்பிப் பார்த்தது. வேறு வழியில்லை. தலையை ஆட்டியது.

ஆட்டத்தன்று காடே திரண்டு வந்தது. மொத்தையனின் தடியைத் தூக்கிக்கொண்டு ஒரு நரி வந்தது. தடி தூக்குவது பெயருக்குத்தான். கரடி எது சொன்னாலும் ஒத்து ஊதுவதுதான் அதன் முழுநேர வேலை.

முதல் குழி. கரடி தடியை ஓங்கி ஒரு அடி அடித்தது. பந்து மரங்களுக்கு மேலே பறந்து குழிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

"அண்ணே! இதுதான் அடி!" என்று குதித்தது நரி.

செதிலி அடித்தது. பந்து ஒரு கல்லில் பட்டு, வந்த வழியே திரும்பி, முள்புதருக்குள் போய் ஒளிந்துகொண்டது. கூட்டம் கெக்கலித்தது. செதிலிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. உடனே அது ஒரு காரியம் செய்தது. குட்டியை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, தலையை உள்ளே இழுத்து, வாலைச் சுற்றி, உருண்டையாகச் சுருண்டுவிட்டது!

"பார்றா! பயந்துட்டா!" என்று ஊளையிட்டது நரி.

கொஞ்ச நேரம் அந்த உருண்டை அசையாமல் கிடந்தது. பிறகு விரிந்தது. செதிலி ஒன்றுமே நடக்காதது போலப் புதருக்குள் நுழைந்து அடுத்த அடியை அடித்தது.

"உள்ள என்ன பண்ணுனே?" என்று ஒரு மந்தி குட்டியிடம் கேட்டது.

"அம்மா கல்லைத் திட்டுனாங்க! எங்கிட்ட சொல்லவே கூடாதுன்ன வார்த்தையெல்லாம் சொன்னாங்க!" என்றது குட்டி.

ஆக, செதிலி ஒன்றும் சாமியார் இல்லை. கரடிக்கு வருகிற கோபம் அதற்கும் வந்தது. அதை உருண்டைக்குள்ளேயே கொட்டித் தீர்த்துவிட்டு வெளியே வந்தது, அவ்வளவுதான்.

முதல் குழி கரடிக்குப் போனது. மொத்தையனைப் பிடிக்க முடியவில்லை. இரண்டாவது குழிக்கு நடக்கும்போதே எந்தப் புற்றை முதலில் உடைப்பது, எதைப் பண்டிகைக்கு வைத்துக்கொள்வது என்று நரியோடு பேச ஆரம்பித்துவிட்டது. பந்தைப் பார்க்க அதற்கு நேரம் ஏது?

இரண்டாவது குழி. கரடி தடியை ஓங்கியது. அந்த நேரம் பார்த்து மரத்தில் இருந்த தவிட்டுக்குருவிகள் கலகலவென்று கத்தின. அடி தவறியது. பந்து சேற்றில் சொத்தென்று விழுந்தது.

"எவன்டா அவன்?" என்று கரடி உறுமியது.

"குருவிங்கதான் அண்ணே! இல்லேன்னா இந்நேரம் பந்து குழிக்குள்ள!" என்றது நரி.

அவ்வளவுதான். கரடி தடியைத் தூக்கிக்கொண்டு குருவிகளைத் துரத்தியது. குருவிகள் பறந்துபோய் அடுத்த மரத்தில் உட்கார்ந்து இன்னும் சத்தமாகக் கத்தின. பின்னே? அவை வேறு என்ன செய்யும்? கரடி மூச்சு வாங்கத் திரும்பி வந்து, அதே ஆத்திரத்தோடு பந்தை அடித்தது. பந்து இன்னும் ஆழமாகச் சேற்றுக்குள் புதைந்தது.

"தவளையை வாய மூடச் சொல்லு!" என்றது கரடி.

தவளைகள் வாயை மூடின.

"அந்த ஓடையை நிறுத்து!"

"ஓடையை எப்படிப்பா நிறுத்துறது?" என்றது கடமான்.

"உன் காது ஆடுது! அதனாலதான் எனக்கு அடி விழ மாட்டேங்குது!"

கடமான் பாவம், காதை மடக்கிக்கொண்டு நின்றது. ஒரு ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தபோதுகூட அசையவில்லை. அப்படியும் கரடியின் பந்து சேற்றை விட்டு வரவில்லை. இதற்குள் செதிலி குட்டிக் குட்டி அடிகளாக அடித்து, குழியில் பந்தைப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தது.

ஆளுக்கு ஒரு குழி. இனி எல்லாம் மூன்றாவது குழியில்தான்.

"மொத்தையா, கொஞ்சம் உக்காந்து தண்ணி குடி. மனசை ஆறப்போடு. இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல" என்றது கடமான்.

"எனக்கு என்ன? நான் அமைதியாத்தான் இருக்கேன்!" என்று கரடி கத்திய கத்தலில் மரத்திலிருந்து ஒரு மந்தி கீழே விழுந்தது.

"ஆமா, அண்ணன் ரொம்ப அமைதி!" என்றது நரி, நாலடி தள்ளி நின்றுகொண்டு.

மூன்றாவது குழி குளத்துக்கு அந்தக் கரையில் இருந்தது. கரடி அடித்தது. பொய் சொல்லக் கூடாது, பிரமாதமான அடி. பந்து குளத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. இரண்டாவது அடியில் குழியிலிருந்து ஒரு முழத் தூரத்தில் நின்றது. செதிலி குளத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. அதன் பந்து மூன்று அடி முடிந்தும் கரடியின் பந்தைவிடத் தள்ளியே கிடந்தது. கிடந்த இடம் ஒரு எறும்பு வரிசைக்கு நடுவில். காலையிலிருந்து பட்டினியாக இருந்த செதிலிக்கு நாக்கு தானாக நீண்டது. நீண்ட நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தது.

கரடிக்கு இன்னும் ஒரே தட்டுதான். விழுந்தால் மேடு கரடிக்கு. செதிலியின் குட்டிக்குப் பட்டினி. 

கரடி தட்டியது. பந்து உருண்டு போய், குழியின் விளிம்பைச் சுற்றி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வெளியே நின்றுவிட்டது.

சரி, போகட்டும். இப்போதும் என்ன மோசம்? வாலால் தட்டினால்கூட விழும். அடுத்த தட்டில் கரடி போட்டுவிட்டால், செதிலியும் ஒரே தட்டில் அவ்வளவு தூரத்திலிருந்து போட்டால்தான் சமமாவது வரும். கரடி செய்ய வேண்டியதெல்லாம் குனிந்து, மெதுவாக, ஒரு தட்டு.

நம் வீரர் என்ன செய்தார் தெரியுமா? "என்னையா ஏமாத்துறே?" என்று பந்தைப் பார்த்துக் கத்தினார். பந்தைப் பார்த்து! பிறகு தடியைத் தலைக்கு மேலே ஓங்கி, முழுப் பலத்தோடு ஒரே அடி. பந்து பறந்து நடுக்குளத்தில் விழுந்தது.

கூட்டம் குளத்தை எட்டிப் பார்த்தது. குருவிகள்கூட.

"அண்ணே... காத்து..." என்று நரி இழுத்தது. ஒரு இலைகூட ஆடவில்லை.

கரடி குளத்துக்குள் பாய்ந்தது. விழுந்த இடத்திலிருந்துதான் அடிக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் சட்டம். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு தடியால் தண்ணீரை அடித்தது. மறுபடி அடித்தது. அடித்த வேகத்தில் பந்து மேலே வருவதும் மூழ்குவதுமாக இருந்தது. கடமான் ஒவ்வொரு அடியாக எண்ணிப் பார்த்துவிட்டு, இனி எண்ணி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டது. கடைசியில் கரடி தடியையே முழங்காலில் வைத்து இரண்டாக முறித்துத் தண்ணீரில் எறிந்தது.

இப்போது செதிலியின் முறை. செதிலி தடியை எடுத்தது, உடனே கீழே வைத்தது. மறுபடியும் குட்டியோடு உருண்டையாகச் சுருண்டுவிட்டது!

"இப்ப எதுக்குக் கோபம்? நீதான் ஜெயிக்கப் போறியே!" என்றது கடமான்.

"கோபம் இல்லேண்ணே, சந்தோஷம்! இந்தச் சந்தோஷத்தோட அடிச்சா என் பந்தும் குளத்துக்குத்தான் போகும்! கொஞ்சம் இருங்க, உள்ளேயே சிரிச்சு முடிச்சுட்டு வர்றேன்!" என்று உருண்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

உருண்டை கொஞ்ச நேரம் குலுங்கியது. பிறகு அடங்கியது. செதிலி எழுந்து வந்து, எறும்புகளைப் பார்க்காமல், பந்தை மட்டும் பார்த்துத் தட்டியது. பந்து குழிக்கு அருகே போய் நின்றது. இன்னொரு தட்டு. உள்ளே விழுந்தது.

"மேடு செதிலிக்கு!" என்றது கடமான். குட்டி வாலில் தொங்கிக்கொண்டே கூச்சல் போட்டது.

கரடி சொட்டச் சொட்டக் கரையேறியது. அதற்கு யாரையாவது திட்ட வேண்டியிருந்தது. "எல்லாம் உன்னாலதான்! காதுகிட்டயே நின்னு கத்திக்கிட்டிருந்தா எவன் ஆடுவான்?" என்று நரியைப் பார்த்து உறுமியது.

நரி அங்கே எங்கே நின்றது? அதற்குள் செதிலியின் பக்கம் போய்விட்டிருந்தது. "அக்கா, நான் மனசுக்குள்ள எப்பவும் உங்க கட்சிதான்!" என்று வெட்கமில்லாமல் பல்லைக் காட்டியது. செதிலி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் கரடி தலையைச் சொறிந்துகொண்டு செதிலியிடம் வந்தது. "ஏதோ ஒரு வேகத்துல ஆயிடுச்சு. ஓரத்துல இருக்குற சின்னப் புற்று ஒண்ணு மட்டும் எனக்கு விட்டுடேன்" என்றது குழைந்து.

"நீ ஜெயிச்சிருந்தா என் குட்டிக்கு ஒண்ணு விட்டிருப்பியா?" என்று கேட்டது செதிலி.

கரடி மேட்டுப் பக்கம் ஒருமுறை ஏக்கமாகப் பார்த்துவிட்டு, காலில் இடறிய கல்லைத் திட்டிக்கொண்டே மலையிறங்கிப் போனது.

ஒரு அடி தவறியதால் யாரும் தோற்றுவிடுவதில்லை. அந்தக் கோபம் ஆறுவதற்குள் அடுத்த அடிக்குக் கை ஓங்குகிறவனே தோற்கிறான்.