கொக்கிடம் வழி கேட்ட தாய்மாமன்

ஒரு காட்டில் கரடி ஒன்று இருந்தது. சாப்பிட்டால் தூங்கும், தூங்கி எழுந்தால் சாப்பிடும். நடுவில் வேறு வேலை வைத்துக்கொள்ளாது.

அதன் தங்கை மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தங்கை மகனுக்கு மறுநாள் காதுகுத்து. உச்சிப்பொழுதுக்குள் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்தியாக வேண்டும்.

"அண்ணே, நீ வரலைன்னா என் மாமியார் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க" என்று கொக்கிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

பொழுது சாயும்போது முள்ளம்பன்றி வந்தது. காது குத்த அதன் முள்தான் வேண்டுமாம்.

"கரடியண்ணே, கிளம்புங்க. இப்ப நடந்தாத்தான் போய்ச் சேரலாம்."

கரடி பலாச்சுளையை மென்றுகொண்டே மரத்து மேலே பார்த்தது.

"ஏம்ப்பா கொக்கு, என் தங்கச்சி வீட்டிலிருந்து இங்கே வர உனக்கு எவ்வளவு நேரமாச்சு?"

"அது என்ன பெரிய தூரம்! அங்கே மீனைக் கவ்வினேன், இங்கே வந்து விழுங்கினேன். வாயில அது இன்னும் துள்ளிக்கிட்டுதான் இருந்துச்சு."

"கேட்டியா?" என்றது கரடி. "நீ குட்டைக்காலன், இப்பவே போ. நான் விடிஞ்சதும் தேன் குடிச்சிட்டு ஆற அமர வர்றேன்."

"கொக்குக்கு இறக்கை இருக்குண்ணே!"

"அதுக்கு ரெண்டு இறக்கைதானே? எனக்கு நாலு கால் இருக்கே!"

முள்ளம்பன்றி நடையைக் கட்டியது.

மறுநாள் கரடி ஏப்பம் விட்டுக்கொண்டே புறப்பட்டது. தலைக்கு மேலே கொக்கு பறந்தது.

"நேரா வாங்கண்ணே!"

கரடி நேராகப் போனது. நேராகப் போய்ப் பாறையில் மூக்கை இடித்துக்கொண்டது.

"இங்கே பாறை நிக்குதே!"

"பாறையா? மேலயிருந்து பார்த்தா தெரியவே இல்லையே!"

பாறையைச் சுற்றி மூச்சு வாங்க வந்தால் எதிரே ஆறு, கரை புரண்டு ஓடியது.

"அடப்பாவி, ஆறு இருக்குன்னு சொல்லலையே!"

"வெள்ளையா ஒரு கோடு கிடக்கும். அதையா சொல்றீங்க?"

சொல்லிவிட்டு, "நேரமாச்சுண்ணே, நான் முன்னால போறேன்" என்று கொக்கு பறந்துபோனது.

கரடி ஆழமில்லாத இடம் தேடி அலைந்தது, நனைந்தது, முள்ளுக்குள் மாட்டியது. உடம்பெல்லாம் சேறும் ஒட்டுப்புல்லுமாகத் தங்கை வீட்டை அடைந்தபோது எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வாசல் மரத்தில் கொக்கு இறகு கோதிக்கொண்டிருந்தது.

"பொய் சொல்லி என்னைக் கெடுத்தியே!" என்று கரடி உறுமியது.

"எனக்கு எவ்வளவு நேரமாச்சுன்னு கேட்டீங்க, சொன்னேன். உங்களுக்கு எவ்வளவு ஆகும்னு நீங்க கேட்கவே இல்லையேண்ணே!"

கரடி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போனது. முள்ளம்பன்றி முட்களையெல்லாம் முதுகுப் பக்கம் படிய வைத்துக்கொண்டு பதவிசாக உட்கார்ந்திருந்தது. அதன் மடியில், மொட்டைத் தலையும் கம்மலுமாகத் தங்கை மகன்.

குட்டி சேறு பூசிய உருவத்தை மேலும் கீழும் பார்த்தான். பிறகு முள்ளம்பன்றியின் தாடையைத் தொட்டுக் கேட்டான்:

"மாமா, இது யாரு மாமா?"

நீதி: நடந்து போகிறவர், நடந்து வந்தவரிடம்தான் தூரம் கேட்க வேண்டும்.