ஆமையின் காலை வெயில்

முதலில் தப்புச் செய்தது பெருச்சாளிதான். அல்லிக்குளத்தங்கரைக்குக் குடிவந்த அன்றே, வெயில் காய்ந்துகொண்டிருந்த கிழட்டு ஆமையைக் கல் என்று நினைத்து முதுகில் ஏறி உட்கார்ந்தது. ஒரு கிழங்கு முழுவதையும் தின்று முடித்தது. இறங்கிப் போகும்போது ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டதா? இல்லை. தோலையும் அங்கேயே போட்டுவிட்டுப் போனது.

அன்றிலிருந்து ஆமை அதனோடு பேசுவதில்லை.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. யார் புதிதாக வளை தோண்டினாலும், முதலில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி கரைக்கு நாட்டாமையான எருமையின் முன்னால் கேட்க வேண்டும். ஆட்சேபணை இருப்பவர், தோண்டுகிறவரின் முகத்தைப் பார்த்துத் தன் வாயால் சொல்ல வேண்டும். வாய் திறக்காதவர் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு.

மழைக்காலம் முடிந்ததும் பெருச்சாளி எல்லோரையும் கூட்டியது.

"குடும்பம் பெருகிப்போச்சு. ஆமையண்ணன் படுக்கிற கல்லுக்குக் கிழக்கே பெரிய வளையா ஒண்ணு தோண்டப்போறேன். மண்ணை அங்கேயே குவிப்பேன். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

ஆமை கிழக்கே திரும்பிப் பார்த்தது. கிழக்கே மண்மேடு எழுந்தால் காலை வெயில் கல்லில் விழாது. வெயில் இல்லாவிட்டால் ஓடு காயாது, உடம்பு சூடேறாது, காலை எடுத்து வைக்கவே முடியாது.

"ஆமையண்ணே, உங்களைத்தான் கேக்குறேன்," என்றது பெருச்சாளி.

'இவனோடு நான் பேசுவதா?' ஆமை வெடுக்கென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"ஆட்சேபணை இல்லை," என்றது எருமை, அசைபோட்டபடி.

மண்மேடு எழுந்தது. கல்லில் உச்சிப்பொழுது வரை நிழல். ஆமையின் ஓட்டில் பாசி படர்ந்தது.

"தாத்தா, உங்க முதுகுல நாத்து நட்டுடலாமா?" என்று தவளைகள் விசாரித்தன.

ஆமை நடுங்கிக்கொண்டே எருமையிடம் போனது. பெருச்சாளியும் பின்னாலேயே வந்து நின்றது.

"என் வெயிலை அடைச்சுட்டான். நீதான் அவனைக் கேக்கணும்."

"அவன்கிட்டயே சொல்லுங்க பெரியவரே."

"அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நான் சொன்னேன்னு நீ சொல்லு."

"பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருக்கான்?"

பெருச்சாளி மீசையைத் தடவியது. "நேரா ஒரு வார்த்தை சொல்லட்டும் அக்கா, இப்பவே மண்ணை அந்தப் பக்கம் தள்ளிடுறேன். அன்னிக்கு ஒண்ணும் சொல்லலையா, அண்ணனுக்கு நிழல்தான் பிடிக்கும்னு நினைச்சுட்டேன்."

ஆமை குளத்தைப் பார்த்தது. வானத்தைப் பார்த்தது. தொண்டையைச் செருமியது. அதற்குள் பின்கால் ஒன்று மரத்துப்போனது.

"மண்ணை எடுடா," என்றது கடைசியில்.

பெருச்சாளிக் குடும்பமே இறங்கி வேலை செய்தது. சாயங்காலத்துக்குள் மேடு இடம் மாறியது. மறுநாள் விடிந்ததும் கல்லில் வெயில் விழுந்தது.

"திருப்திதானே அண்ணே? இனி நமக்குள்ள ஒரு பாக்கியும் இல்லையே?"

"இருக்கு. இத்தனை நாள் நீ மறைச்ச வெயில் எங்கே? அதைக் கொடு."

"போன வெயிலுக்கு நான் எங்கே அண்ணே போவேன்?"

"அது உன் பாடு," என்று சொல்லி ஆமை கண்ணை மூடிக்கொண்டது. அந்த வெயில் இன்றுவரை வந்து சேரவில்லை.

நம் உரிமைக்கு இடைஞ்சல் வரும்போது, கேட்கிற இடத்திலேயே ஆட்சேபணையைச் சொல்லிவிட வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தால் இழப்பு நமக்குத்தான்.