சென்னியப்பனின் பன்னிரண்டாயிரம் ஸ்டெப்

"அந்தச் சென்னியப்பனைத் தாண்டவே முடியலீங்க டீச்சர்," என்றார் நாச்சிமுத்து.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பூங்காவில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பூங்கோதைக்கு முப்பதுதான். இருந்தாலும் குரு குருதானே. கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார்.

"தாண்டி என்ன பண்ணப் போறீங்க சார்?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க! நம்ம நடைக்குழுவுல ரெண்டு வருசமா நாந்தான் முதல். இப்ப ஒரு மாசமா அவன் தினம் பன்னண்டாயிரம் ஸ்டெப் போடறான். எனக்குச் சோறு எறங்கலை, தூக்கம் வரலை. நேத்து மொட்டை மாடியிலயே நடந்து நடந்து மயக்கமா உக்காந்துட்டனுங்க."

செல்போனில் அந்தக் குழுவை ஆரம்பித்தவரே அவர்தான்; பூங்கோதையும் அதில் இருந்தாள். யார் எத்தனை ஸ்டெப் நடந்தார்கள் என்று கையில் கட்டிய வாட்சே கணக்கெடுத்துப் பட்டியல் போட்டுவிடும். அந்தப் பட்டியலைப் பார்க்காமல் மனுசர் பல்கூட விளக்குவதில்லை.

"அவரை நீங்க பாத்தீங்களா?"

"தினம் பாக்கறனுங்க. விடிஞ்சதும் அவன் பேர்தான் மேல நிக்குது."

பூங்கோதை செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வாங்க."

"எங்கீங்க டீச்சர்?"

அவள் முன்னால் நடந்தாள்.

இரண்டே தெருதான். நாச்சிமுத்து வழக்கம்போல வாட்சைப் பார்த்துக்கொண்டே வந்தார். நானூறு ஸ்டெப்கூட ஆகவில்லை.

சென்னியப்பனின் மருமகள் கதவைத் திறந்து, உள்ளறையைக் காட்டினாள்.

சென்னியப்பன் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். வலது காலில் தொடைவரை மாவுக்கட்டு. கன்னமெல்லாம் தாடி. வாட்ச் கட்டிய இடது கை மட்டும் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது.

நாச்சிமுத்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"டேய்... எப்படா இது?"

"ஒரு மாசமாச்சு. பாத்ரூம்ல வழுக்கிட்டேன்."

கை நிற்கவில்லை.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அன்னிக்கே குழுவுல போட்டனே. நீகூடக் கட்டைவிரல் போட்டிருந்தியே."

நாச்சிமுத்து செல்போனை எடுத்துத் தேடினார். அவருடைய கட்டைவிரல் அங்கே இருந்தது. யார் என்ன போட்டாலும் படிக்காமலே கட்டைவிரல் தட்டுகிறவர் அவர். அதற்காக இதற்குமா!

பூங்கோதை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"அப்புறம் எதுக்குடா இந்தக் கையைப் போட்டு இப்படி ஆட்டறே? நிறுத்துடா, பாக்கவே முடியலை!"

சென்னியப்பன் கையை மெத்தையில் வைத்தார்.

"உன்னைத் தாண்டிட்டா, சண்டை போடறதுக்காவது வீட்டுக்கு வருவேன்னு பாத்தேன்."