சுத்தமாக உரிந்த பெல்ட்

குரு என்றதும் தாடியையும் கமண்டலத்தையும் தேட வேண்டாம். இந்தக் குருவுக்கு முப்பத்தெட்டு வயது, பெயர் கொளஞ்சி. அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் சுமக்கும் கன்வேயர் பெல்ட் செய்கிற பட்டறையில் சோதனை அறை அவர் பொறுப்பு. சீடன் கலியபெருமாள் அவரைவிட எட்டு வயது மூத்தவன். ரப்பர் கலவை போடும் பகுதியிலிருந்து போன மாதம்தான் சோதனை வேலை கற்றுக்கொள்ள வந்திருந்தான். யாரையும் கடிந்து ஒரு சொல் பேசாதவன். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"நாளைக்கு லீவு வேணும், மேடம். கோர்ட்டுல விவாகரத்துக்குக் கடைசித் தேதி. நானும் செந்தாமரையும் கையெழுத்துப் போட்டுட்டா பதினோரு வருஷம் முடிஞ்சுது."

கொளஞ்சி தலையை மட்டும் ஆட்டினார்.

"ஊர்ல எல்லாம் அடிச்சுக்கிட்டுப் பிரியறாங்க. நாங்க ஒரு சத்தம் இல்லாம பிரியறோம். பிரிஞ்சாலும் இப்படித்தானே பிரியணும்?"

ஆமாம் என்று யாராவது ஒருத்தர் சொன்னால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

கொளஞ்சி மேஜையிலிருந்து இரண்டு பெல்ட் துண்டுகளை எடுத்து நீட்டினார். உள்ளே நைலான் துணி, மேலே ரப்பர்.

"ரெண்டையும் உரிச்சுப் பாருங்கண்ணே. எது பாஸ்னு சொல்லுங்க."

துண்டின் ஒரு முனையில் துணியையும் ரப்பரையும் கத்தியால் பிரித்து, மெஷினின் இரண்டு பிடிகளில் மாட்டி இழுக்கவிட்டான். முதல் துண்டு லேசில் விடவில்லை. ரப்பர் பிய்ந்து, துணியெங்கும் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு, பார்க்கவே அலங்கோலமாக வந்தது. இரண்டாவது வாழைப்பழத் தோல் மாதிரி வந்துவிட்டது. துணி வெள்ளை வெளேரென்று இருந்தது, ரப்பரில் ஒரு கீறல் இல்லை.

"இதுதான் பாஸ்," என்று இரண்டாவதைத் தூக்கிக் காட்டினான். "எவ்வளவு சுத்தமா வந்திருக்கு, பாருங்க."

"அது ஃபெயில்ணே."

"ரெண்டு பக்கமும் சேதாரமே இல்லியே, மேடம்."

"அதான் ஃபெயில். ஒட்டியிருந்தா பிய்ஞ்சுதான் வரணும். இதைச் சுரங்கத்துல மாட்டினா, கல்லு விழுந்து தேயறதுக்கு முன்னாடியே துணி வேற, ரப்பர் வேறன்னு கழண்டுக்கும்."

"துணி நல்ல துணி. ரப்பர் நானே கலந்தது."

"ரெண்டும் தங்கம்தான். தனித்தனியா இழுத்துப் பாருங்க, எதுவும் அறாது."

கலியபெருமாள் ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மறுபடி ஒட்ட வைக்க முடியாதா?"

"வெந்த ரப்பர் திரும்ப வேகாது. தேய்ச்சுச் சொரசொரப்பாக்கி, பசை போட்டுப் பாக்கலாம். பிடிச்சாலும் பிடிக்கும், பிடிக்காமலும் போகும். ஆனா வழவழன்னு இருக்கிற வரைக்கும் எதுவும் பிடிக்காது."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஒரு நாள் செந்தாமரை சோத்துத் தட்டைத் தூக்கி எறிஞ்சா, மேடம். அவ அம்மா படுக்கையில கெடந்தாங்க. கூட்டிட்டுப் போ, கூட்டிட்டுப் போன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. ஆவட்டும் ஆவட்டும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள அவங்க போயிட்டாங்க."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"சோத்தைக் கூட்டி அள்ளிப் போட்டுட்டு ஷிப்டுக்கு வந்துட்டேன். 'ஒரு வார்த்தை திட்டவாவது மாட்டியா'ன்னு வாசல் வரைக்கும் அழுதுக்கிட்டே வந்தா. நேரமாச்சுன்னு சொன்னேன்."

முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான்.

"அதுக்கப்புறம் அவ எதுவும் கேக்கறதில்ல. வீடு அமைதியாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன், பாவி."

கொளஞ்சி மெஷினை அணைத்தார்.

"இப்பப் போய் நான் அவகிட்ட என்னத்தைப் பேசுவேன், மேடம்?"

"நீங்க ஒண்ணும் பேச வேணாம்ணே. போய்த் திட்டு வாங்குங்க. பதினோரு வருஷத்துது இருக்கும்."