கனத்த கூடு

அன்று பட்டறையில் இருந்தவர்கள் நால்வர். பட்டறையின் உரிமையாளரும் குருவுமான குமுதவல்லி. அவரிடம் மூன்றாண்டுகளாகத் தொழில் பயின்றுவந்த விசாலாட்சி. உலையும் மெருகும் பார்க்கும் மணவாளன். சென்னையில் வெள்ளி நகைக்கடை நடத்தும் பிரியம்வதா. மேசைமேல் கறுப்புத் துணியில் கிடந்ததை ஐந்தாவதாக எவரும் எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டியவர் ஒருவர் இருந்தார். அவரும் எண்ணவில்லை.

ஏற்காட்டில், காப்பிக்கொட்டை சேமித்துவைத்த பழைய கொட்டகை ஒன்றுதான் அந்தப் பட்டறை. அங்கே செய்யும் நகைக்கு வரைபடம் கிடையாது. உதிர்ந்த இலையையோ, காய்ந்த நெற்றையோ, சிள்வண்டு உரித்துவிட்டுப் போன தோலையோ ஓர் எஃகு உருளைக்குள் நிறுத்தி, சுற்றிலும் பிளாஸ்டர் ஊற்றி இறுக வைப்பார்கள். உருளை ஓர் இரவு முழுவதும் உலையில் வேகும். உள்ளே இருந்த பொருள் எரிந்து போகும். அதன் வடிவம் மட்டும் வெற்றிடமாக நிற்கும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய வெள்ளியை ஊற்றுவார்கள். இலையின் நரம்பும் அதில் பூச்சி கடித்த ஓட்டையும் அப்படியே வெள்ளியில் வந்து நிற்கும். ஒரு பொருளுக்கு ஒரு நகை. இரண்டாவது கிடையாது.

உயிருள்ளதை உருளைக்குள் வைக்கக் கூடாது என்று அங்கே விதி எதுவும் எழுதப்படவில்லை. அது சொல்லித்தர வேண்டிய செய்தி என்று குமுதவல்லிக்குத் தோன்றியதே இல்லை.

குமுதவல்லிக்கு நாற்பத்தொரு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுச் சேலத்தில் கொலுசுப் பட்டறைக்குப் போனவர். விசாலாட்சிக்கு அறுபத்தொன்று. முப்பத்திரண்டு ஆண்டுகள் உயிரியல் கற்பித்தவர். அவற்றில் கடைசி ஏழாண்டுகள் தலைமையாசிரியை. சிஷ்யை குருவை 'மாஸ்டர்' என்பார். குரு சிஷ்யையை 'டீச்சர்' என்பார். புதிதாக வருகிறவர்கள் யாருக்கு யார் கற்பிக்கிறார் என்று விழிப்பார்கள். விழிக்கட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பொருளைத் தேடி எடுப்பதிலிருந்து மெருகு போடுவதுவரை, எவரிடமும் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு நகையைச் செய்து முடிப்பவருக்கு முத்திரை கிடைக்கும். விரல் நீள எஃகுக் கம்பி. அதன் முனையில் குமுதவல்லி தம் கையால் செதுக்கிய ஓர் அடையாளம். அது கையில் இருந்தால் தனிக்கடை வைக்கலாம், தம் பெயரில் விற்கலாம். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாலும் அந்த முயற்சி செல்லாது. அடுத்த வாய்ப்பு மூன்று மாதம் கழித்து.

மணவாளன் பதினோராண்டுகளாக முத்திரை வாங்கவில்லை. எல்லாம் சரியாகச் செய்துவிட்டுக் கடைசியில், "மாஸ்டர், இது போதுமா பாருங்க" என்று கேட்டுவிடுவார். அவரைக் கண்டால் விசாலாட்சிக்கு இரக்கம் வரும். அந்த இரக்கத்தில் சிறிது ஏளனமும் கலந்திருந்ததை அவர் மறைக்க முயன்றதில்லை.

ஆனால் விசாலாட்சியும் இரண்டு முறை தவறவிட்டிருந்தார். மூன்றாம் முறைக்கு முன்பே ஏரிக்கரைச் சாலையில் ஒரு கடையைப் பேசி முடித்து, பெயர்ப்பலகையும் எழுதி வாங்கிவிட்டார். பலகை இப்போது அவர் வீட்டுக் கூடத்தில் சுவரோடு சாய்ந்திருக்கிறது. வருகிற விஜயதசமியன்று அதை மாட்ட வேண்டும். முத்திரை இல்லாமல் மாட்ட முடியாது.

பிரியம்வதா கறுப்புத் துணியிலிருந்து அதை எடுத்தார்.

அது ஒரு பட்டாம்பூச்சிக் கூடு. காம்பு ஒன்றிலிருந்து தலைகீழாகத் தொங்குவது போன்ற அமைப்பு. கட்டைவிரலின் மேற்கணு அளவு. மேலே மெல்லிய வரிகள். ஒவ்வொரு வரியும் துல்லியமாக இருந்தது.

"யார் செஞ்சது?"

"டீச்சர்," என்றார் மணவாளன். "தனி ஆளா. ஒரு வார்த்தை கேக்கல. நானும் இந்தக் கையை வெச்சுக்கிட்டு இருக்கேனே!"

"உங்க வாயைத் தச்சுட்டா நீங்களும் செஞ்சிருவீங்க," என்றார் விசாலாட்சி.

மணவாளன் சிரித்தார். மேசையின் மறுகோடியில் ஒரு வளையத்தை அரம் போட்டுக்கொண்டிருந்த குமுதவல்லியும் புன்னகைத்தார். முந்தின நாள் வெளியூர் போயிருந்ததால் நகையை அவர் இன்னும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. வாங்க வந்தவர் முதலில் பார்க்கட்டும் என்று விட்டிருந்தார்.

பிரியம்வதா தம் சங்கிலியைக் கழற்றி அதில் கூட்டைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி முன்னால் போய் நின்றார்.

"இதுதான் எனக்கு வேணும். இதே மாதிரி நாற்பது செய்ய முடியுமா டீச்சர்? ஒண்ணு போல ஒண்ணு இருக்க வேண்டாம். ஆனா எல்லாம் கூடுதான்."

"செய்யலாமே," என்றார் விசாலாட்சி. மனத்தில் பலகை எழுந்து நின்று வாசலில் மாட்டிக்கொண்டது.

"நாற்பதுக்கு எங்க போவீங்க?"

"அரளிச் செடிக்கா பஞ்சம்?" என்றார் மணவாளன். "இலையைத் திருப்பினா ஒண்ணு தொங்கும்."

பிரியம்வதா கூட்டை விரலால் தூக்கிப் பார்த்தார். "என்ன கனம்! பார்த்தா இவ்வளவு கனம்னு தெரியல."

அரத்தின் ஓசை நின்றது.

"அதைக் கொஞ்சம் கழட்டிக் குடுங்கம்மா," என்றார் குமுதவல்லி.

பிரியம்வதா கழற்றிக் கொடுத்தார். குமுதவல்லி அதைச் சங்கிலியிலிருந்து உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கண்ணருகே கொண்டுபோகவில்லை. கையை மேலும் கீழும் இருமுறை அசைத்தார்.

"அண்ணே, தராசுல போடுங்க."

மணவாளன் போட்டார். "பத்து கிராம், இருநூறு மில்லி."

"சுவர்ல தொங்குதே, சிள்வண்டுத் தோல்ல செஞ்சது. அது எவ்வளவு?"

"அது வெறும் தோல்தானே மாஸ்டர். உள்ளே பிளாஸ்டர் போய் அடைச்சுக்கும். மேல் தகடு மட்டும்தான் வெள்ளி. ரெண்டு கிராம் தேறாது."

"வெறுங்கூடா இருந்தா இது எவ்வளவு வரணும்?"

"அதே..." என்று தொடங்கிய மணவாளன் வாயை மூடிக்கொண்டார். தராசையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குமுதவல்லி கூட்டை எடுத்து விரலிடுக்கில் மெல்லச் சுற்றினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"வெடிப்பு எங்க இருக்கு, டீச்சர்?"

பூச்சி வெளியேறிய கூட்டில் அது வெளியேறிய வழி இருக்கும். வெள்ளி எதையும் மறைக்கிற உலோகம் அன்று. அந்தக் கூட்டைத் தலையிலிருந்து நுனிவரை தேடினாலும் ஒரு கீறல் இல்லை.

"அப்படின்னா?" என்றார் பிரியம்வதா.

மணவாளன்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"உள்ள ஆளு இருந்திருக்கும்மா."

பிரியம்வதாவின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. அங்கே இப்போது ஒன்றும் இல்லை. இருந்தும் அந்த இடத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"செத்துப்போனதுன்னு நினைச்சேன்," என்றார் விசாலாட்சி. அவர் குரல் வகுப்பறைக் குரலாக மாறியிருந்தது. சற்று உரக்க, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக. "சில கூடு உள்ளேயே காய்ஞ்சு போயிடும். அது இயற்கைதான்."

"செடியில பார்த்தப்போ என்ன நிறம்?"

விசாலாட்சிக்கு அது நன்றாக நினைவிருந்தது.

பன்னிரண்டு நாளுக்கு முன்பு, ஏரிக்குப் போகும் வழியில், அரளி இலையின் அடியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளியைத் தேய்த்து மெருகிட்டது போல மின்னியது. குனிந்தபோது அதன் பளபளப்பில் தம் முகமே வளைந்து தெரிவதை அவர் பார்த்தார். இதைவிட ஒரு பொருள் தமக்கு அமையாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். வெறுங்கூடு மின்னாது. பூச்சி போன பிறகு அது வெங்காயச் சருகு போல வெளிறிவிடும், செத்துப்போனது கறுத்துவிடும். இது அவருக்குத் தெரியாத செய்தி அன்று. முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று முப்பத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகையில் வட்டமாக அம்புக்குறி போட்டு வரைந்த செய்தி.

"மின்னுச்சு," என்றார்.

"உருளைக்குள்ள நிறுத்துனப்போ அசைஞ்சுதா?"

"ஃபேன் ஓடிட்டிருந்தது. காத்துல அசைஞ்சிருக்கும்."

மணவாளனுக்கு யாரையும் மாட்டிவிடும் எண்ணம் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிப் பழகியவர், அவ்வளவே.

"அன்னிக்குக் கரண்ட் இல்லையே டீச்சர். மரம் விழுந்து கம்பி அறுந்து கிடந்துச்சு. மிக்ஸர் ஓடாம நீங்க கையாலதானே பிளாஸ்டர் கலக்குனீங்க."

கூரைத் தகரம் வெயிலில் ஒருமுறை முறுக்கிக்கொண்ட ஓசை கேட்டது. பிரியம்வதா திடுக்கிட்டு மேலே பார்த்தார்.

"மாஸ்டர்கிட்ட ஒருதரம் காட்டிடலாமான்னு நான் கேட்டேன்," என்றார் மணவாளன். யாரிடம் சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. "வேண்டாம்னீங்க. காட்டினா அதுவும் கேட்ட கணக்காயிடும்னீங்க. சரின்னு நானும்... உலையைப் பத்தவெச்சது நான்தானே." தம் கைகளைப் பார்த்தார். பிறகு அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நாற்பது கேட்டேனே," என்றார் பிரியம்வதா மெல்ல. "நாற்பதுன்னு கேட்டேனே நான்."

விசாலாட்சி நிமிர்ந்தார். தலைமையாசிரியையாக இருந்தவருக்குக் குற்றவாளி போல நிற்பது பழக்கமில்லை.

"கேக்கக் கூடாதுன்னு வழக்கம் வெச்சது நீங்க, மாஸ்டர்."

"ஆமா."

"நான் கேக்கல."

"கேக்கல."

குமுதவல்லி எழுந்து சுவர் அலமாரியைத் திறந்தார். மேல்தட்டிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துவந்து பட்டறைக்கல்லின் மேல் பிரித்தார். உள்ளே விரல் நீள எஃகுக் கம்பி இருந்தது. முனையில் ஒரு குன்றிமணி. அதன் கண் கூடத் தெளிவாக இருந்தது. செதுக்கி ஓராண்டுக்கு மேலாகியிருக்க வேண்டும். துரு ஏறாமல் இருக்க எண்ணெய் தடவி வைத்திருந்தார்.

விசாலாட்சி தமக்கான அடையாளத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

குமுதவல்லி வெள்ளிக் கூட்டைக் கல்லின்மேல் படுக்க வைத்தார். பக்கத்தில் முத்திரைக் கம்பியை வைத்தார். அதன் பக்கத்தில் சுத்தியலை வைத்தார்.

"குத்துங்க, டீச்சர்."

"மாஸ்டர்!" என்றார் மணவாளன்.

"எடுக்குறதுல இருந்து மெருகு வரைக்கும் யாரையும் ஒண்ணும் கேக்காம செஞ்சிருக்காங்க. முத்திரை அவங்களுதுதான் அண்ணே. வழக்கத்தை நான் மாத்த மாட்டேன்."

"இந்தக் கூட்டு மேலயா?"

"முதல் முத்திரை அந்த உருப்படி மேலதான் விழணும். அதுவும் வழக்கம்தான்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் விசாலாட்சி அதை எதிர்கொண்டிருப்பார். அதற்கான சொற்கள் அவரிடம் ஏராளமாக இருந்தன. அவர் பிரியம்வதாவைப் பார்த்தார். பிரியம்வதா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணவாளனைப் பார்த்தார். மணவாளனின் கண்கள் கூட்டை விட்டு அகலவில்லை.

விசாலாட்சி சுத்தியலை எடுத்தார். மூன்றாண்டுகளாக எடுத்துப் பழகிய சுத்தியல். இடக்கையால் முத்திரைக் கம்பியை எடுத்துக் கூட்டின் அடிப்பக்கத்தில், வயிறு இருக்க வேண்டிய இடத்தில், செங்குத்தாக நிறுத்தினார். வரிகளுக்கு நடுவே குன்றிமணி சரியாகப் பொருந்தி நின்றது. ஓர் அடி போதும்.

சுத்தியல் உயர்ந்தது. உயர்ந்த இடத்திலேயே நின்றது.

பிறகு அதைக் கல்லின்மேல் சத்தமில்லாமல் வைத்தார், கம்பியையும் வைத்தார்.

"அன்னிக்கு நான் உங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா," என்றார். மூன்றாண்டுகளில் முதன்முறையாக அவர் குரல் மாணவியின் குரலாக இருந்தது. "என்ன ஆயிருக்கும், மாஸ்டர்?"

"முத்திரை கிடைச்சிருக்காது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மார்கழியில நீங்க இன்னொண்ணு செஞ்சிருப்பீங்க."

விசாலாட்சி முத்திரையைத் தொடவில்லை. வெள்ளிக் கூட்டை மட்டும் எடுத்து, இறுக்காமல், காற்றுப் போக இடம் விட்டு உள்ளங்கையில் மூடிக்கொண்டார். படியிறங்கி நடந்தார்.