வாய் திறக்காத டிரைவர்

கோவில்பட்டி ரைஸ்மில் முதலாளி ரத்தினசபாபதி தன் பழைய மாரிஸ் மைனர் காரை விற்கக் கிளம்பினார். அதைப் பெத்த பிள்ளை மாதிரி துடைத்துத் துடைத்து வைத்திருந்தவன் டிரைவர் கொம்பையா. வண்டியைக் கொடுக்க அவனுக்கு மனசே இல்லை.

"வேண்டாம் முதலாளி..." என்று ஆரம்பித்தான்.

"ஏலே, உன் வெட்டிப்பேச்சை நிறுத்து. நாளைக்கு வண்டி பார்க்க ஆள் வருது. அவர் முன்னாடி ஒரு வார்த்தை பேசினே, உனக்கு வேலை கிடையாது!"

கொம்பையா தலையாட்டினான்.

மறுநாள் மதுரைக்காரர் ஒருத்தர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. கடைசியில், வண்டி வாங்குகிற எல்லோரையும் போல, டிரைவரைத் தனியே கூப்பிட்டார்.

"குறை எதுவும் உண்டாப்பா?"

கொம்பையா முதலாளி பக்கம் பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

"எங்கேயாவது அடிபட்டிருக்கா?"

தலையைக் குனிந்துகொண்டான்.

மதுரைக்காரர் நடையைக் கட்டிவிட்டார்.

"கெடுத்துட்டியேல!" என்று முதலாளி குதித்தார்.

"நான் எங்க பேசினேன், முதலாளி?"

ஊரே சிரித்தது. ஆனால் டிரைவரே வாய் திறக்காத வண்டி என்று பேராகிப்போனதில், அப்புறம் ஒருத்தரும் வரவில்லை. ஆத்திரத்தில் முதலாளி ஷெட்டைப் பூட்டினார். கொம்பையாவை லாரிக்கு மாற்றினார்.

இப்போது கதவிடுக்கில் பார்த்தால், டயரெல்லாம் காற்றிறங்கி வண்டி தரையோடு படுத்துக் கிடக்கிறது.

"தங்கமான வண்டி. ஒரே செல்ஃபுல கிளம்பும்" என்று கொம்பையா டீக்கடையில் எல்லோரிடமும் சொல்கிறான்.

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்கிறார்கள்.

கொம்பையா வாயை மூடிக்கொள்கிறான். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே.