மயிலிறகும் முந்நூறு கொட்டையும்

ஓடைக்கரைக் காட்டில், பெரிய மருத மரத்தடியில், விலங்குகளுக்கு ஒரு கல்லூரி இருந்தது. மழை வரப்போவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் படிப்பு அங்கே பிரபலம். அறுபது நாள் படிப்பு; கடைசி நாள் தேர்வு.

கோதை என்ற அணில் அதில் சேர வந்தது. அதன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் அணில் அதுதான். கோடை முழுக்கச் சேர்த்த முந்நூறு வாதாங்கொட்டைகளை மூட்டை கட்டி, ஒரு காட்டெருமையின் முதுகில் ஏற்றி அனுப்பியிருந்தது அம்மா அணில்.

“ஒரு நாளைக்கு அஞ்சு கொட்டை. அறுபது நாளுக்குச் சரியா வரும். நடுவுல தீர்ந்துபோனா வீட்டுக்கு வந்துடு கண்ணு, இங்கே வேற ஒண்ணும் இல்லை” என்றும் சொல்லியிருந்தது.

கொட்டையை மண்ணில் புதைப்பது அணில்களின் வழக்கம். புதைத்த இடத்தை மறந்துவிடுவதும் வழக்கம். படிப்புக் கவலையோடு அந்தக் கவலையும் வேண்டாம் என்று கோதை நினைத்தது. யாராவது நல்ல பொந்துக்காரரிடம் ஒப்படைத்துவிடலாம்.

கல்லூரி வாசலிலேயே ஒரு குரங்கு நின்றுகொண்டிருந்தது. பெயர் சடையாண்டி.

“வா தங்கச்சி, வா! புது மாணவியா? நம்ம ஆலமரப் பொந்துல கணக்கு ஆரம்பி! இன்னைக்கே ஆரம்பிச்சா மயிலிறகு இலவசம்!”

“எப்ப வேணும்னாலும் கொட்டையை எடுத்துக்கலாமா அண்ணே?”

“ராத்திரி பகல் எப்ப வேணும்னாலும்! உன் கொட்டை, உன் இஷ்டம்!”

கோதை கொஞ்சம் தயங்கியது. பக்கத்தில் நின்ற யானைக்குட்டி பெருந்தேவி, “சும்மா சேருடி! நானும் இங்கேதான் வச்சிருக்கேன். ஒரு குறையும் இல்லை” என்றது. பெருந்தேவி அதே வகுப்பு. பொய் சொல்லத் தெரியாத குட்டி.

இவ்வளவு போதாதா? சடையாண்டி நீட்டிய ஆலிலையில் கோதை பல் பதித்துக் கொடுத்தது. மூட்டையை ஒப்படைத்து, மயிலிறகை வாங்கிக்கொண்டு விடுதிக்குத் துள்ளி ஓடியது.

அணில் ஒரேயடியாகச் சாப்பிடாது. காலையில் ஒன்று, வகுப்புக்கு முன் ஒன்று, நடுப்பகலில் ஒன்று என்று கொறிக்கும். அதன் வாயும் ஒரு கொட்டைக்கு மேல் கொள்ளாது. ஆகவே நாளுக்கு ஐந்து முறை ஆலமரத்துக்கு ஓடும். ஐந்து முறையும் சடையாண்டி பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி கொட்டையை எடுத்துக் கொடுக்கும்.

பத்தாம் நாள் கோதை சந்தோஷமாகக் கேட்டது: “இன்னும் இருநூத்தி அம்பது இருக்குமே அண்ணே?”

“இருநூத்தி இருபத்தஞ்சு” என்றது சடையாண்டி.

“என்னது! இருபத்தஞ்சு கொட்டையைக் காணோமா?”

“காணாமல் எங்கேயும் போகலை. என் வயித்துலதான் இருக்கு. ஒரு தடவை எடுத்தா அரைக் கொட்டை எனக்குக் கூலி. நீ பல் பதிச்ச இலையிலேயே எழுதியிருக்கே!”

கோதை இலையை வாங்கிப் பார்த்தது. மேல்பக்கத்தில் மயில் படம். திருப்பினால், அடிப்பக்கத்தில், நரம்போடு நரம்பாக எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி: ‘எடுக்கும்போதெல்லாம் அரைக் கொட்டை.’

இப்படியே போனால் நாற்பதாம் நாள் கொட்டை தீரும். தேர்வு அறுபதாம் நாள்!

நேராகப் பெருந்தேவியிடம் ஓடியது. “உன்னை நம்பித்தானே சேர்ந்தேன்! உன்கிட்ட அந்தக் குரங்கு எவ்வளவு பிடிக்குது?”

“அரைக் கொட்டைதான். நான் வாரத்துக்கு ஒரு தடவை போவேன், நூறை மொத்தமா அள்ளிக்கிட்டு வருவேன். அரை போனா என்ன?” என்று காதை ஆட்டியது பெருந்தேவி.

கோதை வாலைச் சுருட்டிக்கொண்டு யோசித்தது. பெருந்தேவி சொன்னதில் பொய் இல்லை. யானைக்கு அது நல்ல பொந்துதான். அணிலுக்குத்தான் ஆகாத பொந்து!

மறுநாள் வகுப்பு முடிந்ததும் வேறு இடம் தேடிக் கிளம்பியது. இந்த முறை நிறையக் கேள்விகளோடு போனது. முதலில் முள்ளம்பன்றியின் வளை. பூட்டியிருந்தது. மாலைவரை காத்திருந்த பிறகு முள்ளம்பன்றி கொட்டாவி விட்டபடி எட்டிப் பார்த்தது.

“கூலி எவ்வளவு?”

“ஒண்ணும் கிடையாது.”

“எப்பத் திறப்பீங்க?”

“இருட்டினதுக்கு அப்புறம்.”

“அப்போ நான் தூங்கிடுவேனே!”

“அது உன் பாடு” என்று முள்ளம்பன்றி உள்ளே போய்விட்டது.

விடிந்ததும் கோதை வகுப்புக்குப் பின்னால் இருந்த வேங்கை மரத்துக்குப் போனது. அங்கே உளியம்மாள் என்ற மரங்கொத்தி தண்டு முழுக்கத் துளை போட்டு வைத்திருந்தது.

“இனாம் ஏதும் உண்டா அக்கா?”

“மரத்தூள் வேணும்னா அள்ளிக்கோ” என்றது உளியம்மாள்.

“எடுக்கிறதுக்குக் கூலி?”

“கிடையாது. கீழ்ப்பொந்து அன்றாடத்துக்கு. விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயறவரைக்கும் எத்தனை தடவை வேணும்னாலும் வா. மேல்பொந்து சேமிப்புக்கு. அதுல வைக்கிறதை ஒரு மாசம் தொடக் கூடாது. தொடாமல் வச்சா பத்துக்கு ஒண்ணு கூடத் தருவேன்.”

“ஒண்ணு கூடவா! எங்கேருந்து தருவீங்க?”

“அவசரம்னு வர்றவங்களுக்குக் கடன் கொடுப்பேன். அவங்க கூட்டித் தருவாங்க. என்ன இவ்வளவு கேள்வி கேட்கிறே? நீ அணிலா, வக்கீலா?”

கோதை இலையைக் கேட்டு வாங்கியது. முதலில் அடிப்பக்கத்தைப் பார்த்தது. அதில் ஒன்றும் இல்லை. பிறகுதான் பல் பதித்தது.

இனி ஆலமரத்திலிருந்து கொட்டையைக் கொண்டுவர வேண்டும். சடையாண்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தது.

“தாராளமா எடு! உன் வாய்க்கு ஒண்ணுதான் கொள்ளும். இருநூறு தடவைக்கு மேல வரணும். அதுக்கு முன்னாடியே கொட்டை தீர்ந்துடும்!”

“கூலி கொட்டைக்கா அண்ணே, தடவைக்கா?”

“தடவைக்குத்தான்! இலையில என்ன எழுதியிருக்கு?”

“சரியாப் போச்சு!” என்ற கோதை, திரும்பிக் கூப்பிட்டது: “பெருந்தேவீ!”

தரை அதிர்ந்தது. பெருந்தேவி தும்பிக்கையைப் பொந்துக்குள் விட்டு, கோதை எண்ண எண்ண, அத்தனை கொட்டையையும் ஒரு பெரிய தேக்கிலையில் வாரி வைத்தது.

“ஒரே தடவைதான் எடுத்திருக்கேன். உங்க அரைக் கொட்டையை எடுத்துக்கோங்க அண்ணே!” என்றது கோதை.

சடையாண்டி அரைக் கொட்டையை எடுத்துக்கொண்டது. பின்னால் வரிசையில் நின்ற எலிகளும் சிட்டுக்குருவிகளும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு சுண்டெலி மெதுவாகக் கேட்டது: “பெருந்தேவி அக்கா, எங்களுதையும் கொஞ்சம்...?”

அன்று பொழுது சாய்வதற்குள் சின்ன வாய்க்காரர்கள் ஆலமரத்தில் வைத்திருந்ததெல்லாம் காலி. அடுத்த நாள் காலையில் சடையாண்டி வாசலில் நின்று கத்தியது: “கூலி கிடையாது! ரெண்டு மயிலிறகு!” ஒரு சுண்டெலிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கூலியாகப் போனதை ஈடுகட்ட, கோதை ஐந்து வேளையை நான்காக்கிக்கொண்டது. நூற்றைம்பதைக் கீழ்ப்பொந்தில் வைத்தது, மிச்சத்தை மேல்பொந்தில் வைத்தது. அறுபதாம் நாள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தேர்வு எழுதியது. ‘இன்று மாலை மழை வருமா?’ என்பது முதல் கேள்வி. ‘வரும்’ என்று எழுதிவிட்டு வெளியே வந்தபோது முதல் துளி அதன் மூக்கில் விழுந்தது.

இனாமையும் அடுத்தவர் பேச்சையும் பார்த்து மயங்காமல், தன் பழக்கத்துக்கு எது ஒத்துவரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பொருளை ஒப்படைப்பவரே அதன் முழுப் பலனையும் அடைவார்.